பழைய ஹெரால்டுக்கு எந்த பாலிசி?

சென்னையில் ஓடும் 1968 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்றைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். வண்டலூரில் தயாரான வண்டி, 948 சி.சி. எஞ்சின், தனி சேஸி. நல்ல நிலையில் இருக்கிறது, நான்கு லட்சம் கொடுத்து வாங்க ஆளும் இருக்கிறது என்று வையுங்கள். இன்ஷூரன்ஸ் எடுக்க ஆன்லைனில் போனால் மாடல் பட்டியலில் இந்தப் பெயரே இருக்காது. ஏஜென்டிடம் போனால் "இவ்வளவு பழைய வண்டிக்குத் தேர்ட் பார்ட்டி போதும் சார்" என்பார். பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். சில வண்டிகளுக்கு அந்த யோசனை சரிதான். ஆனால் எந்த வண்டிக்கு என்று அந்த ஏஜென்ட் யோசித்திருக்க மாட்டார்.

தேர்ட் பார்ட்டி, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் பாதிப்புக்கான காப்பீடு மட்டும் எடுத்தால் செலவு மிகக் குறைவு. 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த கட்டணப்படி 1,000 சி.சி. வரை 2,094 ரூபாய், 1,500 சி.சி. வரை 3,416, அதற்கு மேல் 7,897. ஜி.எஸ்.டி. தனி. ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் தனி. வேறு பாலிசியில் ஏற்கெனவே இருந்தால் மறுபடி கட்ட வேண்டாம். ரோட்டில் இறங்க இது சட்டப்படி போதும். உங்கள் வண்டிக்கு ஏதாவது ஆனால் ஒரு பைசா வராது.

இதற்கும் முழு பேக்கேஜுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது: தேர்ட் பார்ட்டியோடு தீ, திருட்டு மட்டும். பெரும்பாலும் கவுன்டரில் இதைச் சொல்வதில்லை, நாமாகக் கேட்க வேண்டும். வருஷத்தில் பத்து நாள் வெளியே எடுத்து, மீதி நாள் ஷெட்டில் உறை போட்டு வைத்திருக்கும் வண்டிக்கு இதுவே பொருத்தம். அறுபது வயது ஒயரிங், இறுகிப்போன பெட்ரோல் ஹோஸ் இரண்டும் ஒரே பானட்டுக்குள் இருக்கும்போது தீ வெறும் கற்பனை பயமில்லை. ஆனால் வெள்ளம் இதில் அடங்காது. வேளச்சேரி, முடிச்சூர் போல 2015-லும் 2023-லும் தண்ணீர் நின்ற இடத்தில் ஷெட் இருந்தால் இந்தத் தேர்வை மறந்துவிடுங்கள்.

அடுத்தது நம் வண்டியின் சேதமும் அடங்கும் பேக்கேஜ் பாலிசி. இங்கேதான் கணக்கு சூடு பிடிக்கிறது.

ஐந்து வயதைத் தாண்டிய வண்டிக்கு ஐ.டி.வி. எனப்படும் காப்பீட்டு மதிப்புக்கு அட்டவணை கிடையாது. கம்பெனியும் உரிமையாளரும் பேசி முடிவு செய்வது. எழுதிய மதிப்பே பாலிசி காலம் முழுவதும் சந்தை மதிப்பாக எடுத்துக்கொள்ளப்படும், முழு இழப்பில் அதிலிருந்து மேலும் தேய்மானம் கழிக்க முடியாது. ஆகவே நான்கு லட்சம் என்று எழுத வைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. பிரீமியத்துக்கு அஞ்சிப் பலர் 50,000, 1 லட்சம் என்று எழுதிக்கொள்கிறார்கள். சென்னை போன்ற ஏ மண்டலத்தில், பத்து வயதைத் தாண்டிய, 1,000 சி.சி.க்கு உட்பட்ட காருக்குப் பழைய டாரிஃப் (எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக இருந்த கட்டண அட்டவணை) விகிதம் மதிப்பில் 3.362 சதவீதம். 1 லட்சத்துக்கு 3,362 ரூபாய், 4 லட்சத்துக்கு 13,448. 2007-க்குப் பிறகு கம்பெனிகள் இதில் தள்ளுபடி தரலாம், தருகின்றன, பேரம் பேசுங்கள்.

குறைத்து எழுதினால் என்ன ஆகும்? ஹெரால்டின் முன்பக்கத்தைப் பாருங்கள். இரண்டு மட்கார்டும் பானட்டும் சேர்ந்த ஒரே கூடு, அப்படியே முன்னால் கவிழ்ந்து திறக்கும். மூலையில் ஒரு ஆட்டோ இடித்தாலும் சேதம் அந்தக் கூடு முழுவதையும் கோணலாக்கும். கதவுப் பக்க இடைவெளி ஒருபுறம் விரல் நுழையும், மறுபுறம் உரசும். ஒரு உதாரண பில்: கூடு 60,000, பெயின்டிங் 40,000, டிங்கரிங் கூலி 30,000, ரப்பர், பிளாஸ்டிக் 10,000. மொத்தம் 1,40,000.

பத்து வயதைத் தாண்டிய வண்டிக்கு உலோகப் பாகத்தில் 50 சதவீதம் தேய்மானம், ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரிக்கும் 50. பெயின்டிங் ஒரே தொகையாக பில் போட்டால் அதில் கால் பங்கைப் பொருள் விலையாக எடுத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள். கூலி முழுதாக வரும். ஆக 30,000, 35,000, 30,000, 5,000 சேர்த்து ஒரு லட்சம். ஒவ்வொரு க்ளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 போனால் கையில் 99,000. மீதி 41,000 நம் பாக்கெட்.

இது மதிப்பு 4 லட்சம் என்று எழுதியிருந்தால். 1 லட்சம் என்று எழுதியிருந்தால் கதையே வேறு: கொடுக்க வேண்டிய பழுதுச் செலவு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டுவதால் முழு இழப்பு என்று முடிவாகும். 1 லட்சத்தை வாங்கிக்கொண்டு வண்டியைக் கொடுக்க வேண்டும், அல்லது இடிபாட்டு மதிப்பைக் கழித்த தொகைக்குச் சம்மதிக்க வேண்டும். முகம் மட்டும் நசுங்கிய, சேஸி நேராக நிற்கும் வண்டி காகிதத்தில் செத்துவிடும். வருஷத்துக்குச் சுமார் 10,000 மிச்சம் பிடித்ததற்கு இதுதான் விலை.

தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப்ரிசியேஷன் சேர்க்கலாமே என்று தோன்றும். அது புது வண்டிகளுக்கானது, இந்த வயதுக்குக் கிடைக்காது. கட்டாயக் கழிவுக்கு மேல் நாமாக முன்வந்து ஏற்கும் கழிவைப் பார்க்கலாம்: 15,000 ரூபாய் வரை நாமே ஏற்றால் பழைய டாரிஃபில் பிரீமியத்தில் 35 சதவீதம் தள்ளுபடி, ஆனால் உச்சவரம்பு 2,500. சின்னக் கீறலுக்கு க்ளெய்ம் போட்டு நோ க்ளெய்ம் போனஸை (க்ளெய்ம் இல்லாத வருஷங்களுக்கான பிரீமியத் தள்ளுபடி) இழக்கும் எண்ணம் இல்லாதவருக்கு இது லாபம். ஐந்து வருஷம் க்ளெய்ம் இல்லாவிட்டால் போனஸ் 50 சதவீதம் ஆகிவிடும்.

முன்பே பேசி முடித்த தொகையை முழு இழப்பில் அப்படியே தரும் ஒப்புக்கொண்ட மதிப்பு பாலிசி எல்லோரும் கேட்பது, சிலருக்கே கிடைப்பது. 2002 டாரிஃப் இதை வின்டேஜ் கார்களுக்கு மட்டும் அனுமதித்தது. அதன் கண்ணில் வின்டேஜ் என்றால் 1940 டிசம்பர் 31-க்கு முன் தயாராகி, இந்திய வின்டேஜ் அண்ட் கிளாசிக் கார் கிளப்பின் சான்று பெற்றது; அதற்குச் சொந்தச் சேத பிரீமியத்தில் 25 சதவீதத் தள்ளுபடியும் உண்டு. உங்களிடம் 1934 ஆஸ்டின் செவன் இருந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம், இதையே கேளுங்கள். ஹெரால்டுக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது. பெரிய நஷ்டமில்லை, முழு இழப்பில் ஒழுங்காக எழுதிய ஐ.டி.வி. கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்கிறது. மேலும், ஒப்புக்கொண்ட மதிப்பு என்பதாலேயே பாதிச் சேதத்துக்கான தேய்மானம் நீங்கிவிடாது. நீக்கியிருந்தால் பாலிசியில் தனி வரியாக இருக்க வேண்டும்.

இதோடு குழப்பிக்கொள்வது 2021 ஜூலையில் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம். அதன்படி முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டி, சேஸி, பாடி, எஞ்சின் மாறாத வண்டி வின்டேஜ். இப்படிப் பதிந்த காருக்குத் தேர்ட் பார்ட்டியில் பாதிக் கட்டணம். ஹெரால்டுக்கு மிச்சம் வருஷம் 1,047 ரூபாய். பதிவுக் கட்டணம் 20,000, பத்து வருஷத்துக்கு. கூட்டிப் பார்த்தால் பாதிதான் திரும்பும். தவிர, அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, பராமரிப்புக்கு என்றுதான் எடுக்கலாம். இன்ஷூரன்ஸுக்காக இந்தப் பதிவுக்குப் போவது வீண்.

எந்த பாலிசி ஆனாலும் சறுக்கும் இடங்கள் சில. கல்யாணத்துக்கும் ஷூட்டிங்குக்கும் வாடகைக்கு விட்ட நேரத்தில் இடித்தால் பிரைவேட் பாலிசி செல்லாது. வேகப் போட்டிக்கும், ரிலையபிலிட்டி டிரையல் எனப்படும் வண்டியின் தாங்குதிறன் சோதனை ஓட்டத்துக்கும் காப்பீடு கிடையாது. ரேலி என்றால் முன்கூட்டியே எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் சேர்க்கும் கூடுதல் குறிப்பு) வாங்குங்கள். அம்பாசடரில் இசுசு டீசல் எஞ்சின் ஏற்றியதை ஆர்.சி.யில் பதியாமல் விட்டால் க்ளெய்மை நிராகரிக்க அது ஒன்றே போதும். பிளாட்பெட்டில் ஏற்றிப் போகும்போது பேக்கேஜ் பாலிசி உடன் வரும், அந்தக் கவலை வேண்டாம்.

மதிப்பை எழுத வைக்க, பாலிசி முடிய ஒரு மாதம் முன்னால் கிளை அலுவலகத்துக்கே போங்கள். உரிமம் பெற்ற சர்வேயரின் மதிப்பீட்டு அறிக்கை, நான்கு பக்கமும், சேஸி எண், எஞ்சின் எண், அடிப்பாகம், உட்புறம் எடுத்த தேதியிட்ட படங்கள், பாடி வேலை பில்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால் போனஸ் போய்விடும். வெள்ளத்தில் நின்ற வண்டியை மட்டும் சாவி போட்டுப் பார்க்காதீர்கள்: தண்ணீர் புகுந்தது பாலிசிக்குள், அதன்பின் ஸ்டார்ட் செய்து கனெக்டிங் ராடு வளைந்தது பாலிசிக்கு வெளியே. பேட்டரி ஒயரைக் கழற்றி, தண்ணீர் ஏறிய கோடு தெரியும்படி படம் எடுத்துவிட்டு, டோயிங் வண்டிக்குக் காத்திருங்கள்.