பிள்ளைத்தாய்ச்சிக்கு மீன் வாங்க: பினாங்குச் சந்தைக் கடை ஒன்று

ஜோர்ஜ்டவுன் காலைச் சந்தையில் இந்தக் கடையின் கெம்போங், செலார் என்ற சிறுமீன்கள் இரண்டுமே நல்ல தரம்: செவுள் சிவப்பு, கண் தெளிவு. கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் வாரம் 225 முதல் 340 கிராம் வரை தாராளமாகச் சாப்பிடலாம்.

குறை, பால் ஊறும் என்று சொல்லிச் சுறாவைத் தள்ளிவிடுவது. சிறுமீனைத் தின்று வளரும் பெரிய மீனில் மெத்தில் பாதரசம் என்ற நச்சு சேரும். தசைப் புரதத்தோடு ஒட்டியிருப்பதால் தோலுரித்தாலும், மஞ்சள் போட்டு அவித்துப் புட்டாக்கினாலும் போகாது. உலகச் சுகாதார நிறுவனமும் உணவு விவசாய அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழுவின் வார வரம்பு, உடல் எடை கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம், 60 கிலோ தாய்க்கு 96 மைக்ரோகிராம். கிலோவுக்கு 1 மில்லிகிராம் மெத்தில் பாதரசம் உள்ள சுறாவில் 100 கிராமே அதைத் தாண்டிவிடும். நஞ்சுக்கொடி கடந்து கருவின் மூளையைத் தொடுவதுதான் பெரிய ஆபத்து. தாய்ப்பாலில் வருவது அதைவிடக் குறைவு, பாலை நிறுத்த வேண்டாம்.

முழு மீனாகக் காட்டி வெட்டச் சொல்லுங்கள். துண்டானபின் எது சுறா என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.