கொர்க் வொல்கா கீஸ்: நாலு வருடமாக மறந்துகொண்டே இருக்கும் பெட்டி

போன கிழமை பக்கத்து வளவுத் தம்பி வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "அண்ணா, உங்கட சின்தசைசர் மாதிரி ஒண்டு வாங்கலாமோ?" என்று கேட்டான். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறான். கையில் கொஞ்சக் காசு சேர்த்து வைத்திருக்கிறானாம். அவன் வயதில் நானும் இதே கேள்வியோடுதான் திரிந்தேன், கேட்க ஆள் இருக்கவில்லை. ஆனால் அவன் கேட்ட அன்றுதான் என் பெட்டி திருத்தக் கொடுத்த இடத்திலிருந்து வீட்டுக்கு வந்திருந்தது. செலவழித்த எரிச்சல் ஆறாமல் எழுதுகிறேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

கருவி கொர்க் வொல்கா கீஸ், மின்சாரத்தால் சத்தம் செய்கிற சின்னச் சின்தசைசர். 2013இல் வெளிவந்தது. 27 தொடுகட்டைகள், மூன்று குரல், அனலொக், அதாவது சத்தத்தை எண்ணால் கணக்குப் போடாமல் மின்சுற்றே செய்யும். மற்ற விவரமெல்லாம் தேடினால் கிடைக்கும். நான் வாங்கியது 2021இல், கொழும்பில் ஒருவர் பாவித்ததை, 24,000 ரூபாய்க்கு. அதில் முக்கால்வாசி கச்சான் பிடுங்கப் போன காசு. செடியை மண்ணோடு இழுத்து, தொடையில் அடித்து உதறி, குனிந்த முதுகு நிமிராமல் ஆய்ந்த காசு. விற்றவர் இரவு பஸ்ஸில் பார்சல் போட்டுவிட்டார். நான் விடியமுன் அக்கராயனிலிருந்து சைக்கிளில் முறிகண்டிக்குப் போய் நின்றேன். ஏ9 வீதியில் போகிற பஸ் எப்படியும் பிள்ளையார் கோயிலடியில் நிற்கும்தானே. நடத்துநர் ஆசனத்துக்குக் கீழிருந்து ஒரு பால்மாப் பெட்டியை இழுத்துத் தந்தார். சுற்றிவர கச்சான் கடைகள். கச்சானில் உழைத்த காசு கச்சான் கடைக்கு முன்னாலேயே திரும்பி வந்தது என்று அம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

முதல் நாள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "எங்க, ஒரு பாட்டு வாசி பாப்பம்." ஊரில் கட்டை வைத்த எதுவும் ஓர்கன்தான். ஓர்கன் என்றால் தபேலா அடிக்க வேண்டும், வயலின் வர வேண்டும், ஒரு விரலில் பின்னணி முழுக்க ஓட வேண்டும். இதில் ஒன்றும் கிடையாது. மூன்று விரல் வைக்கலாம், நாலாவதை வைத்தால் முதல் வைத்தவற்றில் ஒன்று பேச்சை நிறுத்திவிடும். சத்தத்தின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கிற வடிகட்டி அந்த மூன்றுக்கும் ஒன்றுதான். மூன்று பேர் ஒரே வாயால் பாடுகிற மாதிரி, தனித்தனியாக வாய் திறக்க முடியாது. கட்டையும் கீழே இறங்காது, தகட்டைத் தொடுகிறோம், அவ்வளவுதான். மெல்லத் தொட்டாலும் அழுத்தித் தொட்டாலும் ஒரே சத்தம். சுவிஸிலிருந்து மாமா வீடியோ கோலில் பார்த்துவிட்டு, "இதுக்கோ இவ்வளவு காசு?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

இதெல்லாம் எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை. வடிகட்டியைத் திறந்து மூடுகிற கட்ஓஃப் குமிழை முதன்முதல் திருகியபோது, பானையின் வாயை உள்ளங்கையால் மூடி மெல்லத் திறந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. அன்று இரவு சாப்பிடக் கூப்பிட்டும் போகவில்லை. சத்தம் என்பதைக் கடையில் அடுக்கி வைத்திருக்கிற சாமான் மாதிரி எடுக்காமல், கையால் பிசைந்து செய்யலாம் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் பிசைந்ததை வைக்க இதில் சட்டி கிடையாது. நாலு வருடமாக என்னைத் தின்கிற விஷயம் இதுதான்.

இந்தப் பெட்டி நீங்கள் செய்த சத்தத்தை நினைவில் வைக்காது. குமிழ் எங்கே நிற்கிறதோ அதுதான் சத்தம். குமிழை அசைத்தால் போய்விட்டது. ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள், வாங்கமுன் எனக்கும் தெரியும். தெரிந்து வாங்கியவன் கத்தக் கூடாதுதான். ஆனாலும் கத்த வருகிறது. 1978இலேயே ப்ரொஃபெட்-5 என்ற சின்தசைசர் 40 சத்தங்களைச் சேமித்து வைத்தது. அதற்கு 35 வருடம் கழித்து வந்த என்னுடையது ஒன்றைக்கூட வைக்காது. சரி, அந்தக் கருவி அந்தக் காலத்தில் என்ன விலை, இது என்ன விலை என்று நியாயம் கேட்டால் வாயை மூடவேண்டியதுதான். மலிவாக அனலொக் சத்தம் தருவதற்குத்தானே இதைச் செய்தார்கள்.

இன்னும் எரிச்சல் என்னவென்றால், நினைவே இல்லாத பெட்டியும் இல்லை இது. வாசித்த சுரங்களை 16 படி ஓட்டமாக எட்டு இடங்களில் வைத்துக்கொள்ளும். ஓட்டத்தின் நடுவில் குமிழைத் திருகினால் அந்த அசைவையும் பதிந்து, அடுத்த சுற்றில் தானே திருகின மாதிரிச் செய்துகாட்டும். ஓட்டம் நின்றால் அதுவும் நின்றுவிடும். அசைந்ததை நினைவில் வைப்பாய், நின்றதை வைக்கமாட்டாயா? உறவுக்காரர் சிலர் இப்படி இருப்பார்கள். சண்டை பிடித்தது ஞாபகம் இருக்கும், சோறு போட்டது மறந்துபோகும்.

ஆகவே கொப்பி. பழைய கணிதக் கொப்பியின் பின்பக்கத்தில் ஒவ்வொரு சத்தத்துக்கும் குமிழ்களை வட்டம் வட்டமாக வரைந்து, கோடு எங்கே பார்க்கிறது என்று மணிக்கூடு மாதிரிக் குறிப்பேன். கட்ஓஃப் பத்து மணி, பீக் எட்டரை, டிகே இரண்டு மணி. பக்கத்தில் பெயர்: 'குளத்துத் தவளை', 'உழவு மெஷின் தூரத்தில்', 'ராசாத்தி அக்கா வீட்டு மோட்டர்'. பிறகு போனில் படம் எடுக்கப் பழகினேன். இரண்டாலும் சத்தம் அப்படியே திரும்பாது. கிட்டத்தட்ட வரும். குமிழ் சின்னது, மயிரிழை விலகினாலும் வடிகட்டி வேறு இடத்தில் நிற்கும்.

இப்போது அந்த ஒரு சத்தத்துக்கு வருகிறேன்.

2022 பங்குனிக் கடைசி. மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் போன நேரம். மண்ணெண்ணெய்க்கும் வரிசை. என் போன் மத்தியானமே செத்துவிட்டது. ஊரில் சத்தம் போடக்கூடியதாக இருந்தது ஆறு பென்டோர்ச் பற்றரி போட்ட என் பெட்டி மட்டும்தான். அல்கலைன் பற்றரியில் பத்து மணித்தியாலம் போகும் என்று கையேடு சொல்லும், அதை நம்பி மிச்சம் பிடித்து மிச்சம் பிடித்துப் பாவித்தேன். பொழுதுபட அம்மம்மா விறாந்தையில் விளக்கை வைத்துவிட்டுத் தேவாரம் பாடத் தொடங்கினார். அவருக்குச் சுருதி நாலு கட்டை. நான் உள்ளறையில் பாயில் படுத்தபடி சுரத்தைத் தேடிப் பிடித்து, ஃபிஃப்த் என்ற நிலையில் வைத்தேன். அதில் ஒரு விரல் வைத்தாலே சட்ஜமமும் பஞ்சமமும் சேர்ந்து வரும். வடிகட்டியை நன்றாக இறக்கி, சுருதியை இழையளவு விலக்குகிற டிட்யூனைக் கொஞ்சம் பிரித்து, சத்தத்தை மெல்ல ஏற்றி இறக்குகிற எல்எஃப்ஓவை மூச்சு வாங்குகிற வேகத்தில் விட்டேன். பெட்டிக்குள் இருக்கிற சின்ன ஸ்பீக்கர்தான். அம்மம்மா ஒரு பதிகம் முழுக்கப் பாடி முடித்தார். பிறகு பேச்சு மூச்சில்லை. பிறகு இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது:

"ஆரடா அது ஒத்துப் பிடிக்கிறது?"

ஒத்து என்றால் நாதஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் இருந்து, மூச்சு விட்டது தெரியாமல் ஒரே சுருதியை ஊதுகிறவரின் குழல். இப்போது கோயில்களில் அந்த இடத்தில் அநேகமாகச் சுருதிப் பெட்டிதான் இருக்கிறது. வற்றாப்பளைப் பொங்கலுக்குச் சின்னதில் நடந்துபோன கதையில் அம்மம்மா எப்போதும் சொல்வது, கோயில் கண்ணுக்குத் தெரியமுன் ஒத்துத்தான் காதுக்குக் கேட்கும் என்று. பிளாஸ்டிக் பெட்டி ஒன்று அவரை அங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது.

அத்தோடு கையை எடுத்திருக்கலாம். நான் என்ன செய்தேன்? இன்னும் நல்லாக்குவோம் என்று பீக்கைத் திருகினேன். அப்புறம் கட்ஓஃப். அப்புறம் டிலே. ஐந்து நிமிடத்தில் சத்தம் போய்விட்டது. படம் எடுக்கப் போன் உயிரோடு இல்லை, கொப்பியில் வரைய வெளிச்சம் இல்லை.

மூன்று வருடம் ஆகிவிட்டது. ஏறக்குறைய மாதம் ஒருமுறை பொழுதுபட்டதும் தேடுகிறேன். 'ஒத்து' என்ற தலைப்பில் கொப்பியில் 31 முயற்சிகள் இருக்கின்றன. அம்மம்மா வெற்றிலையை மென்றுகொண்டு கொஞ்ச நேரம் கேட்பார். "இல்லை ராசா, அது வேறை." எனக்கு நல்லாகப் பட்டதையும் இப்படித்தான் தள்ளினார். ஒருநாள் "கிட்ட வந்திட்டாய்" என்றார். அன்று படம் எடுத்தேன். அடுத்த நாள் அதே படத்தைப் பார்த்து வைத்தபோது, "நேத்தையானும் இல்லை" என்றார்.

அதற்கு வெயிலும் ஒரு காரணம். அனலொக் என்றால் சூட்டுக்குச் சுருதி நகரும். தானே சுருதி சேர்த்துக்கொள்ளும் வசதி இதில் இருக்கிறது, அது பெரிய புண்ணியம். ஆனால் சித்திரை மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே இருக்கிற சூடு வேறு, பங்குனி இரவில் இருந்த சூடு வேறு. போதாததற்குச் செம்மண் புழுதி. திருகும்போது குமிழ் கரகரக்கும். துணியால் மூடி வைத்தாலும் உள்ளே போய்விடுகிறது. இந்த மண்ணில் எதுதான் புழுதி போகாத இடம்?

திருத்தக் கொடுத்த கதையையும் சொல்லிவிடுகிறேன், பிழை முழுக்க என்னுடையது. அடப்டர் பெட்டியோடு வராது, தனியாக வாங்க வேண்டும். நான் வாங்கியது வோல்ட்டும் மாற்றலாம், நுனியும் மாற்றலாம் என்கிற மலிவுச் சாமான். இதற்கு 9 வோல்ட், நடுவில் நேர். அந்த நுனியை இரண்டு பக்கமும் திருப்பிச் செருகலாம், திருப்பினால் நேரும் மறையும் இடம் மாறிவிடும். அவசரத்தில் திருப்பிச் செருகிவிட்டேன். ஒரு சின்ன 'டிக்'. பிறகு ஒன்றும் இல்லை. கிளிநொச்சியில் ரேடியோ திருத்துகிற ஐயா ஒருவர் மூடியைக் கழற்றி, கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி போட்டுப் பார்த்தார். "தம்பி, இது வாசலிலேயே காவல் நிண்டு செத்திருக்கு, உள்ளுக்கு ஒண்டும் போகேல்லை" என்று ஒரு சின்னக் கறுப்புத் துண்டை இடுக்கியால் எடுத்துக் காட்டினார். 1,800 ரூபாய். வாங்குகிறவர்கள் நுனியில் போட்டிருக்கிற படத்தைப் பாருங்கள். நடுப்புள்ளி நேர்க்குறியோடு தொடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

சரி, தம்பிக்கு என்ன சொன்னேன்? வாங்காதே என்றேன். கோயில், கலியாணம் என்று குழுவோடு வாசிக்கிற எண்ணம் இருந்தால், பாவித்த 61 கட்டை ஓர்கன் ஒன்று பார். சத்தம் செய்யத்தான் ஆசை என்றால் முதலில் காசே செலவழிக்காதே. வீட்டில் ஒரு பழைய லப்டொப் கிடக்கிறதுதானே? டெக்செட் என்ற சின்தசைசர் மென்பொருள் இலவசம், 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7இன் சத்த முறையை அப்படியே செய்யும், பழைய லப்டொப்பிலும் ஓடும். சேர்ஜும் இலவசம். வைட்டலுக்கும் இலவசப் பதிப்பு இருக்கிறது, ஆனால் பழைய லப்டொப் அதற்குக் கொஞ்சம் மூச்சு வாங்கும். எல்லாவற்றிலும் ஒரு அழுத்து, சத்தம் சேமிக்கப்பட்டுவிடும். ஆறு மாதம் அதில் இரு. பிறகும் கை அரித்தால் குமிழ் வைத்த பெட்டி வாங்கு. அப்போதும் வொல்கா கீஸ்தான் வேண்டும் என்றால், இன்னொரு கருவியை வாசிக்க வைக்கிற ஐந்து முனை மிடி வெளியீடு உள்ள பழைய ஓர்கன் எங்காவது கிடைக்குமா என்று பார், அதன் பெரிய கட்டைகளால் இதை வாசிக்கலாம். யூஎஸ்பி மட்டும் உள்ள ஓர்கனை இதில் நேரே கொழுவ முடியாது.

பத்துக்கு எத்தனை என்று கேட்டான். இன்றைக்கு நாலு. கரண்ட் இல்லாத ஒரு இரவில் கேட்டிருந்தால் ஒன்பது சொல்லியிருப்பேன்.

எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "அப்ப உங்கடையை எனக்குத் தாங்கோவன், அரைவிலைக்கு" என்றான். விற்க இல்லை என்றேன். ஏன் என்று கேட்டான். "முப்பத்திரண்டாவது முயற்சி பாதியில் நிக்குது" என்று சொன்னேன், அவனுக்கு விளங்கவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் வந்து தொட்டுப் பார்க்கிறானாம். ஹெட்ஃபோன் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன், என்னுடையதில் இடப்பக்கம் கேட்காது.