மேசை ஐபி போனா, கணினியில் சாஃப்ட்போனா? இரண்டையும் ஓட்டிப் பார்த்த பிறகு

எங்கள் அலுவலகத்தில் 24 பேர். பழைய தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் பெட்டி ஓய்ந்துபோனதும் இணையவழி அழைப்புக்கு மாறினோம். முதல் எட்டு மாதம் எல்லோருக்கும் கணினியில் சாஃப்ட்போன், அதாவது கணினியையே தொலைபேசியாக்கும் செயலி, ஆளுக்கொரு யூஎஸ்பி ஹெட்செட். அப்புறம் எல்லா மேசையிலும் ஐபி போன், அதாவது நெட்வொர்க் கேபிளில் நேரடியாக இணையும் தொலைபேசி, வைத்தோம். ஒன்றரை வருடமாக அதுதான் ஓடுகிறது. இரண்டையும் நிறுவியதும் நான்தான், பழுது பார்ப்பதும் நான்தான். அதனால் என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு மேசை போன்தான் சரி.

தெரிந்த விஷயங்களை வேகமாகக் கடந்துவிடலாம். சாஃப்ட்போனுக்குத் தொடக்கச் செலவு குறைவு, ஒரே நாளில் எல்லோருக்கும் போட்டுவிடலாம். குரல் தரத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. இரண்டும் பேசுவது அழைப்பை இணைக்கும் எஸ்ஐபி என்ற ஒரே நெறிமுறையைத்தான், இரண்டிலும் குரலை டிஜிட்டலாக்கும் ஜி.711, ஜி.722 கோடெக்குகள் உண்டு. பழைய தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். ஜி.722 சுமார் 7000 வரை போவதால் அலுவலகத்துக்குள் பேசும்போது எதிரில் இருப்பவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசுவது போலக் கேட்கும். இணைய வேகத்தைப் பற்றியும் கவலை வேண்டாம். ஜி.711 அழைப்பு ஒன்றுக்கு ஒவ்வொரு திசையிலும் 90 கிலோபிட்டுக்கும் குறைவாகவே போகிறது. பத்து பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு மெகாபிட்டைத் தொடாது. வேகத்தைவிட, குரலைச் சுமந்து வரும் சிறு தரவுத் துண்டுகளான பாக்கெட்டுகள் ஒரே சீராக வந்து சேர்கின்றனவா என்பதுதான் முக்கியம்.

எங்கள் முடிவை மாற்றியது பராமரிப்பு. சாஃப்ட்போனில் தொலைபேசி என்பது தனிப் பொருளே இல்லை. ஒவ்வொருவர் கணினிக்குள்ளும் அது வேறு வேறு நிலையில் கிடக்கிறது. ஒரு அப்டேட் வந்தால் மைக் மாறிவிடும். கூட்டத்துக்கான வேறொரு செயலி ஹெட்செட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். லேப்டாப் உறக்கத்துக்குப் போனால் எக்ஸ்டென்ஷன் (அவரவர் உள் எண்) சர்வரில் செய்திருந்த பதிவு அறுந்துபோகும். வாடிக்கையாளர் கூப்பிட்டால் நேராக வாய்ஸ்மெயிலுக்குப் போய்விடும். ஒருவர் “எனக்குக் கேட்கவில்லை” என்றால் இயங்குதளத்தில் ஒரு இடம், செயலியில் ஒரு இடம், ஹெட்செட் வயரில் உள்ள மியூட் பட்டன் என மூன்றையும் பார்க்க வேண்டும். 24 பேருக்கு 24 விதமாக.

இன்னொன்றை நான் எதிர்பார்க்கவே இல்லை. கணக்குப் பிரிவில் ஒரு அக்கா இருக்கிறார். முக்கியமான அழைப்பு ஒன்று மூன்று முறை வந்தும் அவர் எடுக்கவில்லை. போய்க் கேட்டேன். “போன் அடிச்சதே தெரியலப்பா, ஹெட்செட்டக் கழட்டி வெச்சிருந்தேன்” என்றார். மணி அந்த ஹெட்செட்டுக்குள்தான் அடித்திருக்கிறது, மேசைமேல், யார் காதுக்கும் எட்டாமல். மணியைக் கணினி ஸ்பீக்கருக்கு மாற்றும் வசதி அந்தச் செயலியில் இருந்தது. மாற்றிக் கொடுத்தேன். அடுத்த வாரம் கணினியை மாற்றியபோது அது பழையபடி ஆனது.

மேசை போனில் இந்தத் தலைவலிகள் பெரும்பாலும் இல்லை. அதற்கு மூன்று காரணங்கள் உண்டு. மூன்றாவதுதான் பெரியது.

முதலாவது கேபிள். பிஓஇ வசதியுள்ள ஸ்விட்ச் (எல்லா நெட்வொர்க் கேபிளும் வந்து சேரும் பெட்டி) வாங்கினால் மின்சாரமும் நெட்வொர்க்கும் ஒரே கேபிளில் வந்துவிடும், ஒவ்வொரு மேசைக்கும் அடாப்டர் தேவையில்லை. 2003-ல் வந்த 802.3ஏஎஃப் என்ற பிஓஇ தரப்படி ஒரு போர்ட் 15.4 வாட் வரை தரும். சாதாரண மேசை போனுக்கு அதில் பாதிகூட வேண்டாம். சுவரிலிருந்து போனுக்கு, போனின் பின்னால் உள்ள இரண்டாவது போர்ட்டிலிருந்து கணினிக்கு என்று போட்டால் புதிதாக வயர் இழுக்கவும் தேவையில்லை. இங்கே ஒரு எச்சரிக்கை: விலை குறைந்த மாடல்களில் அந்த இரண்டாவது போர்ட் 100 மெகாபிட்டோடு நின்றுவிடும். அதன் வழியாகப் போகும் கணினியும் அந்த வேகத்துக்கே இறங்கும். வாங்கும்போது ‘கிகாபிட்’ என்று பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது மின்வெட்டு. கணினி அணைந்தால் சாஃப்ட்போனும் அணையும். மேசை போனில் ஸ்விட்சையும் ரவுட்டரையும் ஒரு யூபிஎஸ்ஸில் போட்டுவிட்டால், இணைய இணைப்பு நிற்காதவரை அத்தனை போன்களும் உயிரோடு இருக்கும். அவசரத்துக்கு யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கும் நேரம் பெரும்பாலும் அதுதான்.

மூன்றாவது, போன் தன் செட்டிங்கைத் தானே எடுத்துக்கொள்ளும் விதம். போன் எழுந்ததும், நெட்வொர்க்கில் முகவரிகளைப் பங்கிடும் டிஎச்சிபி சர்வரிடம் ஐபி முகவரி கேட்கும். அந்தப் பதிலிலேயே ‘ஆப்ஷன் 66’ என்ற இடத்தில் செட்டிங் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லி வைக்கலாம். போன் அங்கே போய், தன் மேக் முகவரியையே (ஒவ்வொரு கருவிக்கும் தனியாக உள்ள அடையாள எண்) பெயராகக் கொண்ட கோப்பைக் கேட்டு வாங்கும். எக்ஸ்டென்ஷன் எண், கடவுச்சொல், பக்கத்து மேசைக்காரர் பேசுகிறாரா என்று காட்டும் விளக்குப் பட்டன்கள் எல்லாம் அதில் இருக்கும்.

இதன் மதிப்பு வரவேற்பறைப் போனில் தண்ணீர் கொட்டிய அன்று புரிந்தது. நான் வெளியே இருந்தேன். அங்கிருந்த தம்பியிடம் அலமாரியில் உள்ள உபரிப் போனை எடுத்துத் திருப்பச் சொன்னேன். அடியில் ஒட்டியிருந்த லேபிளிலிருந்து மேக் முகவரியின் 12 எழுத்துகளைப் படித்தான். நான் லேப்டாப்பில் வரவேற்பறை எக்ஸ்டென்ஷனுக்கு எதிரே அந்த எழுத்துகளை மாற்றிப் போட்டேன். “அண்ணா, கேபிள சொருகிட்டேன்.” சரி, காத்திரு என்றேன். சில நிமிடத்தில் அதே எண், அதே பட்டன்கள். அவனுக்கு எஸ்ஐபி என்றால் என்னவென்று தெரிய வேண்டிய அவசியமே வரவில்லை. சாஃப்ட்போன் காலத்தில் இதே வேலைக்கு நான் அந்தக் கணினி முன்னால் உட்கார வேண்டியிருந்திருக்கும்.

மேசை போனில் தொல்லையே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். மாறிய முதல் வாரம் வந்த அழைப்புகள் சரியாக 32 விநாடியில் அறுந்தன. பேசிக்கொண்டே இருக்கும்போது டக்கென்று நின்றுவிடும். அந்த 32-தான் துப்பு. அழைப்பை எடுத்ததும் போன் ‘எடுத்துவிட்டேன்’ என்ற செய்தியை அனுப்பும். எதிர்ப்பக்கம் அதற்கு ஒப்புதல் அனுப்ப வேண்டும். ஒப்புதல் வந்து சேராவிட்டால் போன் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்து, எஸ்ஐபி விதிப்படி 32 விநாடியில் கைவிட்டுவிடும். ஒப்புதலைத் தொலைத்தது எங்கள் ரவுட்டர். அதில் ‘எஸ்ஐபி ஏஎல்ஜி’ என்ற வசதி தானாகவே இயங்கிக்கொண்டிருந்தது. உதவி செய்வதாக நினைத்துச் செய்திகளின் உள்ளே இருக்கும் முகவரிகளைத் திருத்திக்கொண்டிருந்தது. சாஃப்ட்போன் காலத்தில் இது தெரியவில்லை. அந்தச் செயலி டிஎல்எஸ் குறியாக்கத்தில் பேசியதால் ரவுட்டரால் உள்ளே கைவைக்க முடியவில்லை. ஏஎல்ஜியை அணைத்தேன், போன்களையும் டிஎல்எஸ்ஸுக்கு மாற்றினேன். அதன்பின் ஒன்றும் அறுந்ததில்லை.

பாதுகாப்பிலும் மேசை போனுக்கு ஒரு வேலை கூடுதல். பெட்டியிலிருந்து வரும்போது நிர்வாகக் கடவுச்சொல் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றாக இருக்கலாம். முதல் நாளே மாற்றிவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் 204-க்குக் கடவுச்சொல்லும் 204 என்று வைக்கவே கூடாது. இணையத்தில் எஸ்ஐபி பயன்படுத்தும் 5060 போர்ட்டைத் தேடி அலையும் நிரல்கள் ஏராளம். ஒன்று நுழைந்துவிட்டால் இரவோடு இரவாக வெளிநாட்டுக்கு அழைத்துத் தள்ளிவிடும், பில் உங்களுக்கு வரும். வெளிநாட்டு அழைப்பு தேவையில்லாத எக்ஸ்டென்ஷன்களில் அதை மூடி வைப்பது நல்லது.

சாஃப்ட்போன் வெல்லும் இடம் ஒன்று உண்டு, அதை மறைக்க மாட்டேன். வெளியே அலையும் எங்கள் விற்பனைப் பிரிவினர் இருவருக்கு மொபைலில் செயலி இருக்கிறது. அதே எக்ஸ்டென்ஷன்தான், மேசையிலும் கையிலும் ஒன்றாக அடிக்கும். பேட்டரி சேமிப்பு அமைப்பு செயலியைத் தூங்க வைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கும் செயலியே மேல் என்று தோன்றுகிறது. ஒருவருக்கு மட்டும் சில வாரம் மேசை போன் கொடுத்துப் பார்த்தேன். ஓடியது, ஆனால் அந்த ஒரு வீட்டை வைத்துப் பொதுவாகச் சொல்வது நியாயமில்லை. நாள் முழுக்கப் பேசிக்கொண்டே தட்டச்சு செய்யும் கால் சென்டர் போன்ற இடங்களுக்கும் என் அனுபவம் பொருந்தாது.

பழைய சாதாரண போன்களையே, இணையவழி அழைப்போடு இணைக்கும் அடாப்டர் வைத்து ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: ஃபேக்ஸுக்கும் வாசல் காவலர் அறைக்கும் சரி, மற்ற மேசைகளுக்கு வேண்டாம். ட்ரான்ஸ்ஃபருக்கு ஒரு பட்டன்கூட இருக்காது.

பழைய ஐபி போன் வாங்குவதானால் ஒரு சோதனை செய்யுங்கள். ஃபேக்டரி ரீசெட் போட்டு, இணையத்தோடு இணைத்து விட்டுப் பாருங்கள். சில போன்கள் எழுந்ததும் தயாரிப்பாளரின் சர்வரைக் கேட்டு, முன்பு பதிந்திருந்த சேவை நிறுவனத்தின் செட்டிங்கையே திரும்ப எடுத்துக்கொள்ளும். அந்தப் பதிவை விற்பவர் நீக்கித் தராதவரை பணம் கொடுக்காதீர்கள்.

எங்கள் அலமாரியில் இப்போது இரண்டு போன் உறை பிரிக்காமல் இருக்கின்றன. அவற்றின் மேக் முகவரிகளைப் பெட்டியின் மேலேயே மார்க்கரால் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.