பழைய கடையில் வாங்கிய குரூப் 4 கணக்குக் கையேடு: ஐந்துக்கு மூன்று

அட்டையில் 260 ரூபாய். பழைய புத்தகக் கடையில் 90க்குக் கிடைத்தது. முன்னாடி வைத்திருந்தவர் முதல் நாற்பது பக்கம் வரைக்கும் பென்சிலால் போட்டுப் பார்த்திருக்கிறார், அதற்கப்புறம் புத்தகம் புத்தம் புதுசு. எந்தக் கையேடு என்று சொல்லவில்லை. கடையில் கிடக்கும் பத்தில் ஆறு இதே அச்சில்தான் இருக்கிறது.

டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் அரசு வேலைத் தேர்வான குரூப் 4-இல் 200 கேள்விக்கு 25 கேள்வி கணக்கும் அறிவுக்கூர்மையும். ஒன்றுக்கு ஒன்றரை மார்க். பத்தாம் வகுப்புத் தரம்தான், ஆனால் நான் பத்தாவது முடித்து பதினான்கு வருஷம் ஆகிறது.

விகிதம் பகுதியில் கணக்குகள் நன்றாக இருக்கின்றன, விளக்கம்தான் சரியில்லை. ஒரு கணக்கு: 28 சட்டி கலவையில் சிமெண்டும் மணலும் 1:6. அதை 1:4 ஆக்க இன்னும் எத்தனை சட்டி சிமெண்ட் போட வேண்டும்? கையேடு x வைத்து, குறுக்கே பெருக்கி, ஒன்பது வரியில் விடைக்கு வருகிறது. நான் அதைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கொத்தனார். கணக்கை வாசித்துக் காட்டினேன். "ரெண்டு சட்டிம்மா" என்றார், கையில் சோற்றோடு. எப்படி என்று கேட்டேன். "மணல் மாறலையே. அது 24 சட்டி. ஒண்ணுக்கு நாலுன்னா சிமெண்ட் ஆறு வேணும். இருக்கறது நாலு." அவ்வளவுதான். மாறாமல் இருப்பது எது என்று முதலில் பார் என்று ஒரு வரி அச்சடித்திருந்தால் இந்தக் கையேடு பாதி கனம்தான் இருந்திருக்கும்.

சராசரியில் ஒரு பெரிய தப்பு. போகும்போது மணிக்கு 40 கி.மீ., அதே வழியில் திரும்பும்போது 60 கி.மீ., சராசரி வேகம் என்ன? விடைப் பட்டியலில் 50 என்று போட்டிருக்கிறார்கள். தூரத்தை 120 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். போக 3 மணி நேரம், வர 2 மணி நேரம். 240 கி.மீ.க்கு 5 மணி நேரம், ஆக 48. மெதுவாகப் போன நேரம்தான் அதிகம், அப்புறம் எப்படி நட்ட நடுவில் நிற்கும்? எனக்கே சந்தேகம் வந்து மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், ஒரு ராத்திரி தூக்கம் போனது.

வரைபடங்கள் மோசம். வட்ட விளக்கப்படத்தில் எல்லாத் துண்டும் ஒரே சாம்பல் நிறம். உணவு எது, வாடகை எது என்று குறுக்குக் கோடுகளை எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மாத வருமானம் 18,000, கல்விக்கு 60 பாகை என்றால் வட்டத்தில் ஆறில் ஒரு பங்கு, 3,000 ரூபாய். வாயாலேயே சொல்லிவிடலாம். இவர்கள் அதை 16.67 சதவீதம் ஆக்கி, மறுபடி 18,000-ஆல் பெருக்கி, 3000.6 என்று முடிக்கிறார்கள்! இன்னொரு பட்டை வரைபடம் 400-இல் தொடங்குகிறது. 420-ஐவிட 440 இரண்டு மடங்கு உயரமாக நிற்கிறது. பட்டையைப் பார்த்து விடை சொன்னால் மாட்டினோம். இது வேண்டுமென்றே செய்ததா என்று தெரியவில்லை, எனக்கு நல்ல பாடம்.

விளக்கத்துக்கு அரசுப் பாடப்புத்தகமே போதும். ஆறாம் வகுப்பில் விகிதம், ஏழாம் வகுப்பில் சராசரி, எட்டாம் வகுப்பில் வட்ட விளக்கப்படம், எல்லாம் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். அதைப் படித்துவிட்டு, பயிற்சிக்கு மட்டும் இந்தக் கையேடு. கணக்குகளுக்குக் குறைச்சல் இல்லை, அதற்காகத்தான் மூன்று மதிப்பெண். 260 கொடுத்து வாங்க வேண்டாம்.

என் பிரதியில் 50-ஐ அடித்து 48 என்று பேனாவால் எழுதிவிட்டேன். தேர்வு முடிந்ததும் அதே கடைக்குத்தான் போகும்.