போலி பெர்மிட்டைக் காட்டி ஓ.டி.சி. லோடு ஏற்றிவிடும் புரோக்கர்: லோபெட் ஓட்டுநர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சொந்தமாக ஒன்றிரண்டு லோபெட் டிரெய்லர் (தளம் தாழ்வாக உள்ள பெரிய இழுவண்டி) வைத்து ஓ.டி.சி. லோடு (வழக்கமான அளவைத் தாண்டிய பெரிய சரக்கு) ஓட்டுபவர்களும், அந்த வண்டிகளில் வேலை பார்க்கும் ஓட்டுநர்களும் இதை முழுமையாகப் படிக்க வேண்டுகிறேன். திருச்சி துவாக்குடியிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்கு ஓர் இரும்புத் தொட்டியை ஏற்றிச் செல்ல, அறிமுகமில்லாத புரோக்கர் ஒருவர் தொலைபேசியில் எங்கள் வண்டியை அமர்த்தினார். தொட்டியின் அகலம் 3 மீட்டர் என்றும், பெர்மிட் எடுப்பது முழுக்கத் தன் பொறுப்பு என்றும் சொல்லி, வாடகையில் ஒரு பகுதியை அட்வான்சாக அனுப்பிவைத்தார்.

ஷெட்டில் நானும் ஓட்டுநரும் டேப் பிடித்து அளந்தோம். தொட்டியின் உடம்பு அவர் சொன்ன அளவுதான். ஆனால் இருபுறமும் பற்றவைத்திருந்த குழாய் வாய்களை, அவற்றின் மேல் அடித்திருந்த மரப்பலகை வரை சேர்த்தால் 3.9 மீட்டர் வந்தது. உடனே அவரை அழைத்துக் கேட்டேன். “அண்ணே, நாலு மீட்டர்னு போட்டுத்தான் பெர்மிட்டே வாங்கியிருக்கு, நைட்டுக்குள்ள அனுப்பிடுறேன்” என்றார். சொன்னபடியே வாட்ஸ்அப்பில் பெர்மிட் வந்தது. எங்கள் புல்லரின் (டிரெய்லரை இழுக்கும் முன்வண்டி) பதிவெண், 4 மீட்டர் அகலம், மதுரை வழியாகத் தூத்துக்குடி என எல்லாம் அதில் இருந்தன. அதைப் பார்த்த பிறகே லோடை ஏற்றிச் சங்கிலி போட்டு இறுக்கினோம்.

மறுநாள் துவரங்குறிச்சியைத் தாண்டியதும் வாகனச் சோதனையில் வண்டியை நிறுத்தினார்கள். அதிகாரி பெர்மிட் எண்ணை இணையதளத்தில் போட்டுப் பார்த்தபோது, வேறொரு ஹைட்ராலிக் ஆக்சில் வண்டிக்கு (பல அச்சுகள் கொண்ட வேறு வகை டிரெய்லர்) வழங்கப்பட்டு, காலம் முடிந்துபோன அனுமதி அது என்று தெரிந்தது. கைப்பேசியில் அந்தத் தாளைப் பெரிதாக்கிக் காட்டினார்: பதிவெண்ணும் தேதியும் இருந்த வரிகளில் மட்டும் எழுத்து சற்றுத் தடித்திருந்தது, ஆக்சில் விவரத்தை மாற்றாமல் அப்படியே விட்டிருந்தார்கள். அந்த அதிகாரி எங்களிடம் மரியாதையாகவே நடந்துகொண்டார், அவர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை.

வண்டியின் மொத்த அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. அனுமதியின்றி லோடு பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு 194(1ஏ) பிரிவின்கீழ் 20,000 ரூபாய் அபராதமும், லோடை இறக்கும் செலவும் விழும். ஓட்டியவர் மட்டுமல்லாமல் ஓட்டக் காரணமானவரும் பொறுப்பு என்றுதான் சட்டம் சொல்கிறது. ஆனால் நடுரோட்டில் நிற்பது வண்டியும் ஓட்டுநரும்தான். காரணமானவர் எங்கோ உட்கார்ந்து கைப்பேசியை அணைத்துவிடுகிறார். எங்களுக்கும் அதுவே நடந்தது. மாலை வரை “வந்துக்கிட்டே இருக்கேன்” என்றவர், அதன்பின் எடுக்கவே இல்லை.

அடுத்த சிக்கல் இ-வே பில், அதாவது சரக்கோடு கூடவே இருக்க வேண்டிய ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டு. சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்றும், ஓ.டி.சி. சரக்குக்கு 20 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்றும் அதற்குக் கெடு உண்டு. துவாக்குடியிலிருந்து தூத்துக்குடிக்குச் சுமார் 280 கிலோமீட்டர் என்பதால், முறைப்படி போட்டிருந்தால் இரண்டு வாரக் கெடு கிடைத்திருக்கும். புரோக்கர் சாதாரணச் சரக்கு என்று போட்டிருந்ததால் இரண்டு நாள்தான் இருந்தது, வண்டி நின்ற இடத்திலேயே அதுவும் காலாவதியானது. இதைக் கவனத்தில் வையுங்கள்: அகலமான லோடுக்கு, இத்தனை தூரத்துக்கு, இரண்டு நாள் கெடுவோடு இ-வே பில் வந்தால், அது ஓ.டி.சி. என்று காட்டாமல் போடப்பட்டது. பெர்மிட் உண்மையாகவே இருக்கும் இடத்தில் அதை மறைக்க வேண்டிய தேவையே கிடையாது.

தொழிற்சாலையினர் புதிதாக அனுமதி வாங்கித் தரும் வரை ஒரு வாரத்துக்கும் மேல் ரோட்டோரம் கிடந்தோம். டிரெய்லர் நிழலில்தான் சமையலும் தூக்கமும். வாடகை முழுவதையும் புரோக்கரிடம் கொடுத்துவிட்டதாகவும், லாரி ரசீது அவர் பெயரில் இருப்பதால் எங்களுக்குத் தர வேண்டியது எதுவும் இல்லை என்றும் தொழிற்சாலையில் சொல்லிவிட்டார்கள். மீதி வாடகை, ஹால்டிங் (வண்டி காத்து நின்ற நாட்களுக்கான தொகை) எதுவும் இன்றுவரை வரவில்லை. அபராதமும் நான் கட்டியதுதான். ஓட்டுநருக்கும் கிளீனருக்கும் பேட்டாவைக் கையிலிருந்து கொடுத்தேன், அவர்களை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை.

2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, சரக்கைத் தன் பெயரில் ரசீது போட்டு ஏற்றுபவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். இவர் கொடுத்த ரசீதில் பதிவு எண்ணே இல்லை. ரசீதில் அந்த எண்ணைக் கேளுங்கள். பெர்மிட் வாட்ஸ்அப்பில் வந்தால், அதன் எண்ணை நீங்களே இணையதளத்தில் சரிபாருங்கள். புல்லர் எண்ணோடு ஆக்சில் விவரமும் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஹால்டிங் தொகையை லோடு ஏற்றும் முன்பே சரக்கு அனுப்புபவரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். சங்ககிரியைச் சேர்ந்த வண்டி உரிமையாளர் ஒருவருக்கும் இதே அனுமதி எண்ணில், அவர் பதிவெண்ணைப் போட்டு ஒரு தாள் வந்திருக்கிறது; அனுப்பியவர் வேறு பெயரும் வேறு கைப்பேசி எண்ணும் சொல்லியிருக்கிறார். ஆக்சில் விவரம் பொருந்தாத இப்படிப்பட்ட பெர்மிட் உங்களுக்கும் வந்திருந்தால் அழித்துவிடாமல், வந்த தேதியோடு எனக்கு அனுப்புங்கள். எங்கள் இருவரின் தாள்களோடு அதையும் புகாரில் சேர்க்கிறேன்.