எடைக்குறைப்பு அறுவைக்கு முன் கல்லீரல்: ரத்தமா, ஸ்கேனா, ஊசியா?

எடைக்குறைப்பு அறுவைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லீரலில் கொழுப்பு இருக்கத்தான் செய்யும். தெரிய வேண்டியது தழும்பு எவ்வளவு என்பது. கல்லீரல் முழுக்கத் தழும்பேறிய சிரோசிஸ் நிலை வரை போயிருந்தால் எந்த அறுவை, செய்யலாமா வேண்டாமா என்பதே மாறிவிடும்.

அல்ட்ராசவுண்ட் எல்லோருக்கும் எடுக்கிறார்கள். பித்தப்பைக் கல்லைக் காட்டும், சரி. லேசான கொழுப்பைத் தவறவிடும், ஆரம்பத் தழும்பைச் சொல்லாது.

ஃபிப்-4 என்பது ரத்தப் பரிசோதனை முடிவுகளை வைத்துத் தழும்பை ஊகிக்கும் ஒரு கணக்குதான். வயதை ஏஎஸ்டியால் (ஏஎஸ்டி, ஏஎல்டி இரண்டும் ரத்தத்தில் அளக்கும் கல்லீரல் என்சைம்கள்) பெருக்கி, பிளேட்லெட் எனும் ரத்தத் தட்டணு எண்ணிக்கையையும் ஏஎல்டியின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். வயது 45, ஏஎஸ்டி 40, ஏஎல்டி 36, பிளேட்லெட் 250 (ஆயிரத்தில்) என்றால் 1.2 வரும், 1.3-க்குக் கீழே என்பதால் பெரிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு. அதே ஆளுக்குப் பிளேட்லெட் 150 என்றால் 2.0, இரண்டும் கெட்டான் நிலை. 35 வயதுக்குக் கீழே இதை நம்பி உட்காரக்கூடாது. உடல் நிறை குறியீட்டையே கணக்கில் சேர்க்கும் இன்னொரு ஸ்கோரும் உண்டு, பருமனானவர்களுக்கு அது எடையாலேயே ஏறிவிடும் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

ஃபைப்ரோஸ்கேன் கல்லீரலின் விறைப்பை அளக்கும் கருவி. அதில் வலது கையைத் தலைக்கு மேல் வைத்துப் படுத்தால், விலா எலும்புகளுக்கு நடுவே புரோப் எனும் கருவி முனையை வைத்துத் தட்டித் தட்டிப் பத்து அளவுகளாவது எடுப்பார்கள். தோலுக்கும் கல்லீரலுக்கும் இடையே இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் கொழுப்பு இருந்தால் வழக்கமான எம் புரோப் தடுமாறும், எக்ஸ்எல் புரோப் வேண்டும், அதிலும் சிலருக்குச் சரியான அளவு கிடைக்காமல் போவதுண்டு. விறைப்பு 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே வந்தால் ஓரளவு நிம்மதி.

கொழுப்பை அளப்பதில் எம்ஆர்ஐதான் கெட்டி, விறைப்பை அளக்கும் எலாஸ்டோகிராஃபியும் சேர்ந்தால் தழும்புக்கும் பிரமாதம். ஆனால் யாருக்கு இது மிகவும் தேவையோ அவரே அந்தக் குழாய்க்குள் நுழைய முடியாமல் போகலாம்!

கடைசியில் பயாப்ஸி, அதாவது கல்லீரல் திசுவை எடுத்துச் சோதிப்பது. அறுவைக்காக மயக்கம் கொடுத்து, வயிற்றுக்குள் பார்க்கும் லேப்ராஸ்கோப்பும் உள்ளே போன பிறகு ஒரு துண்டு எடுப்பது கூடுதல் சுமை இல்லை, ரத்தக்கசிவு ஆபத்து சிறிது உண்டு. ஓரத்தில் ஆப்புப்போல வெட்டினால் கல்லீரல் உறையையொட்டிய நார்த்திசு சேர்ந்து வந்து தழும்பை அதிகமாகக் காட்டும், ஊசியே மேல். அதையும் ஆரம்பத்திலேயே எடுத்துவிட வேண்டும், அறுவை நீள நீளக் கல்லீரலில் அழற்சி செல்கள் சேர்ந்து ரிப்போர்ட்டைக் குழப்பும்.

நான் சொல்வது: முதலில் ஃபிப்-4, கூடவே எக்ஸ்எல் புரோபில் ஸ்கேன், இரண்டும் முரண்பட்டால் அறுவை மேசையில் ஊசி. பார்வைக்குக் கல்லீரல் நன்றாக இருக்கிறது என்று சர்ஜன் விட்டுவிடுவது மட்டும் போதாது.

அப்புறம், அறுவைக்கு முன் சில வாரம் குறைந்த கலோரி உணவு கொடுப்பார்களே, அதில் கல்லீரல் சுருங்கிக் கொழுப்பும் குறையும், அதனால் ஸ்கேன் டயட்டுக்கு முன்பா பின்பா என்று தேதியைப் பாருங்கள்.