கடலூரில் ஓர் இலவசச் சட்ட உதவி மையம்: என் மதிப்பீடு

வழக்கறிஞர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் இந்த மையத்துக்கு, திருட்டு வழக்கில் கைதான இருளர் இளைஞர் ஒருவருக்காக, அவருடைய தாயாரை அழைத்துக்கொண்டு மூன்று முறை சென்றேன். சில சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாக்கிய 1871ஆம் ஆண்டுச் சட்டம் 1952இல் நீக்கப்பட்டாலும், களவு போனதும் முதலில் யார் குடிசைக் கதவு தட்டப்படுகிறது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். திருட்டுப் புகாரில் பிடிக்கப்பட்ட குறவர் சமூகத்து ராஜாக்கண்ணு 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் இறந்ததும் இதே மாவட்டத்தில்தான்.

எங்களுக்குக் கிடைத்த வழக்கறிஞர், காவல்துறையிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலம் குற்றத்தை நிரூபிக்கச் செல்லாது என்றும், அதன்வழி பொருள் கைப்பற்றப்பட்டதாகக் காட்டினால் அந்தப் பகுதி மட்டும் ஏற்கப்படலாம் என்றும் அந்த அம்மாவுக்குப் புரியும்படி பொறுமையாக விளக்கினார். சம்பவ இரவில் இளைஞர் சவுக்கு வெட்டில் இருந்ததைக் காட்டும் கூலி நோட்டை அவர் கேட்டு வாங்கியதே ஜாமீனுக்கு உதவியது. எனக்கு அது தோன்றவே இல்லை.

குறை ஒன்றுண்டு: இரண்டாம் வாய்தாவுக்கு வேறொருவர் வந்ததால் கதையை முதலிலிருந்து சொல்ல நேர்ந்தது. மாலையில் மட்டுமே திறப்பதால், கூலி வேலைக்குச் செல்வோருக்கு வசதி. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்போர் ஆகியோருக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசின் இலவசச் சட்ட உதவியும் உண்டு, தொலைபேசி எண் 15100.